பிள்ளைப்பேற்றின் இடைவெளி: இருவர் ஆலோசித்து எடுக்க வேண்டிய முடிவு

 

 

எமது மிம்பர்களில் தொழுகை பேசப்படுகிறது. ஸகாத் பேசப்படுகிறது. வட்டியின் தீமையும் சீதனத்தின் கொடுமையும் பேசப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் தொட்டு நிற்கும் ஒரு விடயம் மட்டும் பேசப்படாமலே இருந்து வருகிறது. அடுத்த பிள்ளை எப்போது, அதை யார் தீர்மானிப்பது, தாயின் உடல் அதற்கு ஆயத்தமாக இருக்கிறதா என்ற வினாக்களே அவை. பெண்கள் இதனைக் கிணற்றடியில் தமக்குள் மெதுவாகப் பேசிக்கொள்கின்றனர். புதிதாக நிக்காஹ் முடித்த இளைஞர் தம் நண்பரிடம் கேட்டு, அவரும் அறியாத ஒன்றை விடையாகப் பெற்றுக்கொள்கிறார். மார்க்கம் வெட்கத்தைப் போற்றுகிறது. அறியாமையை அது போற்றவில்லை. அன்ஸாரிப் பெண்கள் மார்க்க விளக்கம் பெறுவதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, இவ்விடயத்தை இங்கு வெளிப்படையாகவும் கண்ணியமாகவும் நோக்குவோம்.

நம் வீடுகளில் ஒன்றை எண்ணிப் பாருங்கள்

கிண்ணியாவில் ஒரு வீடு. பெரிய கிண்ணியாவாகவோ, குறிஞ்சாக்கேணியாகவோ, காக்காமுனையாகவோ இருக்கலாம். கணவர் கட்டாரில் தொழில் புரிகிறார். வருடத்திற்கொரு முறை இரு மாத விடுமுறையில் வருகிறார். அவர் திரும்பிச் சென்ற பின்னர், தாம் மீண்டும் கருவுற்றிருப்பதை மனைவி அறிகிறார். இடுப்பில் இருக்கும் பிள்ளை இன்னும் நடை பழகவில்லை. மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. கிளினிக்கில் இரத்தத்தைப் பரிசோதித்து, இரும்புச் சத்து போதாது என்கிறார்கள். இரவில் தலை சுற்றுகிறது. தொலைபேசியில் கணவரிடம் சொல்ல நினைக்கிறார். அவரது கவலையைக் கூட்ட வேண்டாமென்று சொல்லாமல் விடுகிறார். உம்மாவிடம் சொன்னால், "எங்கட காலத்தில நாங்க பெறல்லையா மகள்?" என்ற பதிலே கிடைக்கிறது.

இது யாரோ ஒருவரின் வீட்டைக் குறித்துச் சொன்னதன்று. நம் ஊரின் எத்தனையோ வீடுகளுக்கு இது பொருந்தும். இதில் எவரும் கெட்டவர் அல்லர். கணவர் குடும்பத்திற்காகவே பாலைவன வெயிலில் உழைக்கிறார். உம்மா தம் அனுபவத்தையே கூறுகிறார். எனினும், சுமக்கின்றவளின் கருத்து மட்டும் அங்கு கேட்கப்படவில்லை.

தாயின் உடல் கூறும் உண்மை

கருவில் வளரும் சிசு, தனக்கு வேண்டிய இரும்புச் சத்தையும் போலிக் அமிலத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தாயிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. பிரசவத்தின் போது மேலும் இரத்தம் வெளியேறுகிறது. அதன் பின் பாலூட்டல் தொடர்கிறது. இழந்தவற்றை அந்த உடல் மீட்டெடுக்கக் காலம் வேண்டும். அக்காலம் கிடைக்குமுன் அடுத்த கரு உருவாகுமானால், தாய் இரத்தச் சோகைக்கு ஆளாகிறாள். சிசு நிறை குறைந்தோ, மாதம் நிறையுமுன்னரோ பிறக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமிற்குக் குறைந்தால் அதனை இரத்தச் சோகை என்று மருத்துவர்கள் கணிக்கின்றனர். இரத்தம் குறைந்த ஒரு தாய்க்குப் பிரசவத்தின் பின் இரத்தப்போக்கு ஏற்படுமாயின், அதைத் தாங்கும் சக்தி அவளிடம் இருப்பதில்லை.

பல பிள்ளைகளைப் பெற்ற கருப்பை, பிரசவத்தின் பின்னர் உடனே இறுகிச் சுருங்கத் தவறலாம். அதனால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமற் போகிறது. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவருக்கு, அத்தழும்பு நன்கு ஆறுமுன் அடுத்த கரு வளர்ந்தால், பிரசவ வேளையில் தழும்பு பிரியும் அபாயம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் இடுப்பெலும்பும் உடலும் இன்னும் வளர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கின்றன. அவளுக்குக் கர்ப்பமே ஒரு பெருஞ்சோதனை.

இக்காரணங்களாலேயே, ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதங்கள் கழிந்த பின்னரே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர்கள் 2005இல் பரிந்துரைத்தனர். அதன்படி இரு பிள்ளைகளுக்கிடையில் ஏறத்தாழ மூன்று வருட இடைவெளி அமைகிறது.

அல்குர்ஆன் காட்டும் கால அளவு

இவ்விரண்டு வருடக் கணக்கு முஸ்லிம்களாகிய எமக்குப் புதியதன்று. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு வருடங்களை ஸூரத்துல் பகராவின் 233ஆவது வசனம் எடுத்துக் கூறுகிறது. ஸூரா லுக்மானின் 14ஆவது வசனம், தாய் மேன்மேலும் தளர்ந்தவளாகப் பிள்ளையைச் சுமந்ததையும், இரண்டு வருடங்களில் பால்குடி மறக்கச் செய்வதையும் நினைவூட்டி, பெற்றோருக்கு நன்றி செலுத்துமாறு பணிக்கிறது. ஸூரத்துல் அஹ்காபின் 15ஆவது வசனம், சுமத்தலும் பால் மறப்பித்தலும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்கிறது. தாயின் தளர்ச்சியை ஓர் உண்மையாக ஏற்று அதனை வஹியிலேயே பதிவு செய்துள்ள மார்க்கம் நம்முடையது. அவ்வாறிருக்க, அத்தளர்ச்சியைப் பற்றிப் பேசுவது எப்படி மார்க்கத்திற்கு முரணாகும்?

ஸூரத்துல் பகராவின் அதே வசனத்தில் இன்னொரு நுட்பமும் உள்ளது. குறித்த தவணைக்கு முன்னர் பால் மறப்பிக்க விரும்பினால், தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் பொருந்திக்கொண்டு, கலந்தாலோசித்து அவ்வாறு செய்வது குற்றமன்று என்று அல்லாஹ் கூறுகிறான். 'தராழின்' என்பது இருவரின் மனப்பொருத்தம். 'தஷாவுர்' என்பது இருவரின் ஆலோசனை. ஒரு குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே இருவரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டுமென்றால், ஒரு புதிய உயிரைச் சுமப்பது பற்றிய முடிவுக்கு அவை எவ்வளவு அவசியம்! சிந்தித்துப் பாருங்கள்.

ஸஹாபாக்களின் நடைமுறையும் இமாம்களின் கருத்தும்

கருத்தரிப்பைத் தவிர்க்கும் நோக்கில் விந்தை வெளியே விடுவது 'அஸ்ல்' எனப்படும். அல்குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்து வந்ததாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்று முஸ்லிமின் அறிவிப்பு மேலும் கூறுகிறது. இதற்கு மாறாக, அஸ்லை மறைமுகமான உயிர்ப்புதைப்புக்கு ஒப்பிடும் ஜுதாமா பின்த் வஹ்ப் (ரழி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்து நோக்கிய இமாம்களுள் பெரும்பாலோர், அஸ்ல் ஹராமன்று என்றும், காரணமின்றிச் செய்வது விரும்பத்தக்கதன்று என்றும் முடிவு கண்டனர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் திருமண ஒழுக்கங்களைப் பேசுமிடத்து இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். பிரசவத்தினால் மனைவிக்கு நேரக்கூடிய ஆபத்தை அஞ்சுவதையும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் கஷ்டத்தை அஞ்சுவதையும் ஆகுமான காரணங்களாக அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் தவிர்ப்பதை வன்மையாகக் கண்டிக்கிறார்கள். அஸ்லையும் உருவான கருவைச் சிதைப்பதையும் சமமாகக் கருதலாகாது என்றும் அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

மனைவியின் அனுமதியின்றி அஸ்ல் செய்யலாகாது என்பது ஹனபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் நிலைப்பாடு. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இது பற்றி இரு கருத்துகள் பதிவாகியுள்ளன. தாய்மையும் இல்லற இன்பமும் அவளுக்குரிய உரிமைகள்; அவ்வுரிமையை அவளைக் கேளாது பறிக்கலாகாது என்பதே அனுமதியை வேண்டியோரின் நியாயம். அவளுடைய உடல், அவளுடைய பங்கு என்ற எண்ணம் நேற்று மேற்கிலிருந்து வந்ததன்று. நம் பிக்ஹ் நூல்களில் பல நூற்றாண்டுகளாகவே இருந்து வருவது.

எகிப்தின் அல்அஸ்ஹரின் தலைவராக விளங்கிய ஷைக் மஹ்மூத் ஷல்தூத் (ரஹ்) அவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார்கள். சமூகம் முழுவதற்கும் இத்தனை பிள்ளைகள்தாம் என்று வரையறுப்பது 'தஹ்தீத்'. அதனை அவர்கள் ஏற்கவில்லை. தாயின் நலனையும் குடும்பத்தின் நிலையையும் கருதித் தம்பதியர் ஒழுங்கு செய்துகொள்வது 'தன்ழீம்', அதனை அனுமதித்தார்கள்.

1988 டிசெம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இப்பிரச்சினையை ஆராய்ந்து மூன்று முடிவுகளை எடுத்தது. முதலாவது, பிள்ளை பெறும் சுதந்திரத்தைத் தம்பதியரிடமிருந்து பறிக்கும் பொதுச் சட்டம் கூடாது. இரண்டாவது, ஷரீஆ ஏற்கும் நிர்ப்பந்தம் இருந்தாலன்றி, பிள்ளை பெறும் ஆற்றலை நிரந்தரமாக அழிப்பது ஹராமாகும். மூன்றாவது, ஷரீஆ ஏற்கும் தேவை இருப்பின், தம்பதியர் தம் கணிப்பின்படி, இருவரும் ஆலோசித்துப் பொருந்திக்கொண்டு, கர்ப்பங்களுக்கிடையில் இடைவெளி விடவோ, குறித்த காலத்திற்குக் கருத்தரிப்பை நிறுத்தி வைக்கவோ தற்காலிக முறைகளைக் கைக்கொள்ளலாம். அம்முறை தீங்கற்றதாகவும் ஆகுமானதாகவும் இருத்தல் வேண்டும். ஏற்கெனவே உருவான கருவுக்கு அது ஊறு விளைவிக்கலாகாது.

கருக்கலைப்பு இதனின்றும் முற்றிலும் வேறானது. நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றமாகும். 120 நாட்களின் பின் ரூஹ் ஊதப்பட்ட சிசுவைக் கலைப்பது ஹராம் என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கின்றனர். தாயின் உயிருக்கே ஆபத்து நேரும் நிலை மட்டும் தனியே ஆராயப்பட்டுள்ளது. இரகசியக் கருக்கலைப்பு பல பெண்களைப் பலிகொண்டுள்ளது. முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்ட குடும்பத்திற்கு அந்த இருண்ட வாசலை நாட வேண்டிய நிலை வருவதில்லை.

நம்மிடையே நிலவும் மூன்று ஐயங்கள்

*ஒன்று: ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்தானே?* ஆம், அவனே. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று ஸூரத்துல் இஸ்ராவின் 31ஆவது வசனம் தடுப்பது, பிறந்த பிள்ளைகளைக் கொல்வதையாகும். தாயின் உடல் தேறும் வரை காத்திருப்பது அதனுள் அடங்காது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். விதியை மறுப்பவர் கயிற்றைத் தேடுவதில்லை என்று எவரும் கூறார்.

*இரண்டு: உம்மத்தின் எண்ணிக்கை குறைந்துவிடாதா?* அன்பு செலுத்தும், பிள்ளை பெறும் பெண்களை மணமுடிக்குமாறு ஆர்வமூட்டிய நபி (ஸல்) அவர்களே, ஒரு காலத்தில் இந்த உம்மத் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் வெள்ளத்தில் அள்ளுண்ட நுரையைப் போல் ஆகிவிடும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெருமைக்குரியவர்களே. ஆயினும் தாயை இழந்த வீட்டில் வளரும் பிள்ளையும், கவனிப்பாரின்றிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளையும் நாம் பெருமைப்பட விட்டுச்செல்லும் சந்ததியா என்று நம் உள்ளத்தைக் கேட்போம்.

*மூன்று: இது நம்மைக் குறைக்கும் சதியன்றோ?* இதற்குச் சற்று விரிவாக விடை கூற வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகப் புரளி கிளம்பியது. அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. ஒருவரை மலடாக்கும் மாத்திரை என ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. மறு வருடம், 2019 மே மாதத்தில், குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய டாக்டர் ஷாபி ஷிஹாப்தீன் மீது, சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அப்புரளிகளால் நாம் எவ்வளவு நொந்தோம்!

அதே புரளியின் மறுபக்கத்தை நம் வீடுகளில் நாமே பேசித் திரிவது நியாயமா? மருத்துவ மாது தரும் மாத்திரை நம் இனத்தை அழிக்கும் என்பதும், கொத்துரொட்டியில் மாத்திரை என்பதும் ஒரே வித்திலிருந்து முளைத்த இரு செடிகள். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜ்ராத்தின் 6ஆவது வசனம் நமக்கும் சேர்த்தே இறங்கியது. எந்தச் சமூகத்தில் இப்புரளி பரவினாலும், இறுதியில் விலை கொடுப்பவள் கிளினிக்கிற்குப் போக அஞ்சி வீட்டிலிருக்கும் தாயே.

நம் நாட்டின் வரலாறும் நம் ஊரின் வசதியும்

1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மரணித்தனர். இந்நூற்றாண்டின் இரண்டாவது தசாப்தத்தில் அத்தொகை 40க்கும் கீழே வந்துவிட்டது. இதனைச் சாதித்தவை பெரிய கட்டடங்கள் மட்டுமல்ல. 1926இல் களுத்துறையில் ஆரம்பமான சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகச் சென்ற மருத்துவ மாதரும், பெண்பிள்ளைகளையும் பாடசாலைக்கு அழைத்த இலவசக் கல்வியும், பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடும் வசதியும் ஒன்று சேர்ந்து ஆற்றிய பணி இது. 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கப்பட்ட போது முன்னின்றோருள் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மருத்துவரும் ஒருவர். அடுத்தடுத்த பிரசவங்களால் நலிந்த பெண்களை மகப்பேற்று விடுதிகளில் நாளாந்தம் கண்டவர் அவர். 1965இல் இச்சேவை அரசாங்கத்தின் தாய் சேய் நலப் பணியோடு இணைக்கப்பட்டது. 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் உருவானது.

நம் ஊரை எடுத்துக்கொள்வோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி, கிண்ணியா வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. பாலம் வருமுன்னர், திருகோணமலைப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதற்குத் துறையடியில் பாதைக்காகக் காத்து நின்றது மூத்தோருக்கு நினைவிருக்கும். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. கடல்நீர் இட்ட தூரம் அன்றோடு நீங்கியது. ஆனால் ஒரே கூரையின் கீழ், கணவருக்கும் மனைவிக்கும் இடையில் உள்ள பேசாமை என்னும் தூரத்திற்கு எந்த அரசாங்கமும் பாலம் கட்டித் தர முடியாது. அதை நாமே கட்ட வேண்டும்.

உங்கள் பகுதிக்குரிய மருத்துவ மாது, அதாவது நாம் 'மிட்வைப்' என்று அழைப்பவர், பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியரைப் பதிவு செய்து வைத்திருப்பார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குகளில் பின்வரும் தற்காலிக முறைகள் வழங்கப்படுகின்றன:

ஆணுறை: கணவர் ஏற்கும் பங்கு, உடலுக்குத் தீங்கற்றது.

மாத்திரை: நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பாத, பாலூட்டும் தாய்க்கு வழமையான கூட்டு மாத்திரை உகந்ததன்று.

ஊசி: மூன்று மாதங்களுக்கொரு முறை போடப்படுவது. நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம், அது மலட்டுத்தன்மையன்று.

கையின் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சிகள்: ஐந்து வருடம் வரை பயன் தரும்.

லூப்: செம்பினாலானது பத்து வருடம் வரை பயன் தரும். வேண்டாதபோது எடுத்துவிட்டால் விரைவில் கருத்தரிக்கலாம்.

பாலூட்டலே ஒரு தடுப்பாகும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அது பாதுகாப்பளிக்கும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அதனை நம்பியிருக்கலாகாது.

எல்லா முறையும் எல்லாருக்கும் பொருந்தாது. உயர் இரத்த அழுத்தம், கடுந்தலைவலி, மார்பக நோய், இரத்தம் உறையும் நோய் போன்றவை இருப்பின் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெண் வைத்தியரையோ மருத்துவ மாதையோ கேட்டுப் பெறுவதிலும் தவறில்லை. ஒரு முறை ஒத்துவராவிட்டால் முழுவதையும் கைவிடாமல், மீண்டும் சென்று வேறொன்றைக் கேளுங்கள். விடுமுறையில் ஊர் வரும் கணவர், வருவதற்கு முன்னரே இது பற்றித் தொலைபேசியில் மனைவியுடன் பேசி முடிவெடுப்பது நன்று.

தொழுகையும் நோன்பும்

நம் பெண்கள் இம்முறைகளைக் கைவிடுவதற்கு ஒரு பெருங்காரணம், இவற்றால் வரும் ஒழுங்கற்ற இரத்தப்போக்கும், அதனால் இபாதத்தில் ஏற்படும் குழப்பமுமாகும். இதனை உலமாக்களிடம் கேட்க வெட்கப்பட்டு, பலர் வாரக்கணக்கில் தொழுகையை விட்டு விடுகின்றனர்.

ஷாபிஈ மத்ஹபின்படி ஹைழின் மிகக் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். மிகக் கூடிய அளவு பதினைந்து நாட்கள். அவ்வெல்லையைக் கடந்து தொடரும் இரத்தம் இஸ்திஹாழாவாகும். இஸ்திஹாழாவுடைய பெண் தொழுகையை விடுவதில்லை. சுத்தம் செய்து, துணி அணிந்து, ஒவ்வொரு பர்ழுக்கும் நேரம் வந்த பின் வுழூச் செய்து தொழுவாள்; நோன்பும் நோற்பாள். அவரவர் வழக்கத்தைப் பொறுத்து நாட்கணக்கு வேறுபடுமாதலால், தம் நிலையை எழுதிக்கொடுத்தேனும் ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்வது கடமை. ஊசி போட்டதால் மாதவிடாய் நின்றுவிட்டால், கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையின் உட்சவ்வு தடிக்காததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவே. ரமழானில் மாத்திரையை நோன்பு திறந்த பின் எடுக்கலாம். லூப் வைப்பதை நோன்பற்ற ஒரு நாளுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

அவளது குரலுக்குரிய இடம்

ஹுதைபியா உடன்படிக்கையின் பின், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியும், கவலையில் ஆழ்ந்திருந்த ஸஹாபாக்கள் எழவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள், யாரிடமும் பேசாது தாங்களே முதலில் அதனைச் செய்யுங்கள் என்று ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்ய, அனைவரும் பின்தொடர்ந்தனர். ஒரு சமூகத்தின் நெருக்கடியிலே மனைவியின் ஆலோசனையை நபி ஏற்றார்கள் என்றால், அவளது சொந்த உடலைப் பற்றிய காரியத்தில் அவளைக் கேளாதிருக்க நாம் யார்?

மனம் ஒப்பாத திருமணத்தைத் தந்தை செய்துவைத்தார் என்று ஹன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்கள் முறையிட்ட போது, அத்திருமணத்தை நபி (ஸல்) அவர்கள் செல்லாதென ஆக்கினார்கள். இதற்கு மாறாக, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தை வேண்டாமலும், குறைந்தபட்ச வயதொன்றை விதிக்காமலும் எழுதப்பட்டது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்து, 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டது. 2021இல் குறைந்தபட்ச வயதைப் பதினெட்டாக்க அமைச்சரவை இணங்கியது. சட்டம் எவ்வாறு அமைந்தாலும், பெற்றோர்களே, உங்கள் மகளை எந்த வயதில் கொடுப்பதென்பது உங்கள் கையிலேயே உள்ளது. பாடசாலைக் கல்வியை முடித்த பெண், மருந்துச் சீட்டைத் தானே வாசிப்பாள். கிளினிக்கில் தானே கேள்வி கேட்பாள். கணவருடன் சமமாக அமர்ந்து ஆலோசிப்பாள். நம் பகுதியின் வழமைப்படி மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் பல வருடம் பாடுபடுகிறீர்கள். அவ்வீட்டில் அவளது சொல்லுக்கும் ஓர் இடம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்கலாம். பிள்ளை இருவரின் உரிமை. ஆதலால் ஆலோசனையே முதல் வழி. உம்மாவையோ, குடும்பத்தில் மதிப்புடைய ஒருவரையோ, ஊரின் ஆலிமையோ நடுவில் வைத்துப் பேசலாம். ஆயினும், இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்று நம்பிக்கைக்குரிய வைத்தியர் கூறியிருந்தால், விடயம் மாறிவிடுகிறது. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது பிக்ஹின் அடிப்படை விதி. உயிரைப் பாதுகாத்தல் ஷரீஆவின் ஐந்து இலட்சியங்களுள் ஒன்று. அங்கே கணவரின் பிடிவாதத்திற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேட முடியாது. பலமுறை சத்திரசிகிச்சைக்குள்ளான தாய்க்கு நிரந்தர முறையை வைத்தியர்கள் வலியுறுத்தும் நிலையும் அவ்வாறே. வைத்தியரின் கூற்றோடு ஓர் ஆலிமை அணுகித் தீர்ப்புப் பெறுங்கள்.

இன்றிரவே தொடங்குங்கள்

இளைஞரே! இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனது உடல்நிலை எப்படி? அடுத்த பிள்ளையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" கேட்டுவிட்டு, விடை வரும் வரை பொறுத்திருங்கள். முதல் முறை அவர் சிரித்து மழுப்பலாம். இதுவரை எவரும் அவரைக் கேட்டிராததால் அப்படி. மீண்டும் கேளுங்கள். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். வெளியே மர நிழலில் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திராமல் உள்ளே செல்லுங்கள்.

உம்மாமார்களே! "நாங்க பெறல்லையா" என்று கூறுமுன், உங்கள் காலத்தில் பிரசவத்தில் மவ்த்தான ஒரு தோழியையோ உறவினரையோ நினைத்துப் பாருங்கள். அவருக்காக ஒரு துஆச் செய்யுங்கள். பின்னர் மகளுடன் பேசுங்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களைச் சுமக்கும் தாயும் அமானிதமே. ஓர் அமானிதத்தைப் பெறுவதற்காக இன்னோர் அமானிதத்தைப் பாழாக்குவது முஃமினுக்கு அழகன்று.

யா அல்லாஹ்! எங்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! கருவுற்ற தாய்மாரின் பிரசவத்தை இலகுவாக்குவாயாக! பிள்ளை வேண்டித் தவிப்போருக்கு ஸாலிஹான சந்ததியை அருள்வாயாக! எங்கள் இல்லங்களில் அன்பையும் ஆலோசனையையும் நிலைபெறச் செய்வாயாக! ஆமீன்.